பெயர் சொல்லாமல் அழைத்த விருந்து

மிலேரா ஊரைக் கட்டிய தெலியாஸ், செத்து எட்டு வருடம் ஆன பிறகும் வசந்த விருந்துக்கு வருவதை நிறுத்தவில்லை. கருங்கடாவின் ரத்தத்தைக் குழியில் ஊற்றிக் கட்டியக்காரர் தாமோன் பெயர் சொல்லி அழைத்ததும், கடல் பக்கமிருந்து நடந்து வருவார். ரத்தம் குடித்து, பார்லிக் கஞ்சியும் கறியும் சாப்பிட்டு, வெயில் சாயும் முன் கிளம்பிவிடுவார். சிசிலிக் கரையில் எல்லா ஊரிலும் நடப்பதுதான். மிலேராவின் தலைவலி வேறு. அங்கே கப்பலோட்டி வந்து ஊரை நிறுவியவர்கள் இரண்டு பேர். மற்றவர் கோர்கோஸ். அவரையும் அழைக்க வேண்டும், அவரும் வருவார். தலைமை இருக்கையோ ஒன்றுதான். உயிரோடு இருந்தபோது போட்ட சண்டையை இருவரும் அங்கேயே தொடர்ந்தார்கள். ஏழு வருடம் பானை சட்டி உடைந்ததோடு போயிற்று. எட்டாம் வருடம் கிழக்கு மதில் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. ஊரார் தெல்ஃபியில் குறி சொல்லும் கோயிலுக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். இருவர் பெயரையும் சொல்லாதே என்று வாக்கு வந்தது.

தெலியாஸின் மனைவி பிலின்னாவுக்கு இடி விழுந்தது போலாயிற்று. வருடத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் அவள் புருஷனைப் பார்ப்பாள். நேராகத் தாமோன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, வாய்க்குள்ளயாவது அவரு பேரைச் சொல்லிடுங்களேன்."

"சாமி வாக்கும்மா. மதிலு விழுந்தா உன் வீட்டுக்காரரா வந்து கட்டுவாரு?"

"அவருதான்யா மொதல்ல கட்டினாரு!"

தாமோன் அசையவில்லை. விருந்தன்று குழிக்கு முன் நின்று, "இந்த ஊரைக் கட்டியவர் யாரோ, வந்து சாப்பிடட்டும்" என்று மட்டும் கூவினார்.

முதலில் வந்தவள், தாய் ஊர் அடுப்பிலிருந்து நெருப்பைப் பானையில் சுமந்து வந்த கிழவி. பின்னால் கிணறு வெட்டியவர்கள், துடுப்புப் போட்டவர்கள், சுண்ணாம்பு சுட்டவர்கள், முதுகில் புண்ணோடு ஒரு கோவேறு கழுதை. திடலில் எள் போட இடமில்லை. சமையல்காரர்கள் வீடு வீடாக ஓடிப் பானை இரவல் வாங்கினார்கள். பிலின்னா கஞ்சி ஊற்றியபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

கடைசியில் ஒரு நீளக் கல்லை இரு முனையிலும் பிடித்துக்கொண்டு, கேலி பேசிச் சிரித்தபடி இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் கோர்கோஸ். மற்றவன் தெலியாஸ். ஊரைக் கட்டியபோது இருந்த அதே இருபது வயது, தாடி முளைக்கவில்லை. பிலின்னாவை அவன் கைப்பிடித்தது மதில் எழும்பி ஏழு வருடம் கழித்து. கல் சுமந்த பையனுக்கு அவளைத் தெரியாது.

"கொஞ்சம் கெட்டியா ஊத்துங்கம்மா. காலையிலேர்ந்து கல்லு தூக்கறோம். இவன் சும்மா புடிச்சிக்கிட்டு வரான், அவ்வளவுதான்," என்றான் தெலியாஸ்.

"சாப்பிடுப்பா," என்றாள். கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டாம் தடவையும் ஊற்றினாள்.

தலைமை இருக்கையில் யாரும் உட்காராததால் அதை எடுத்துவிட்டார்கள். வசந்தம் வந்தால் பார்லி விலை ஏறியது. பதினோரு வருடம் பிலின்னா கரண்டியோடு அவனுக்கு எதிரே நின்றாள். ஒவ்வொரு வருடமும் அவன் புதிதாக, "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டான். பன்னிரண்டாம் விருந்துக்கு முந்தைய குளிர்காலத்தில் அவள் இறந்தாள். பதினெட்டு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து தண்ணீர் சுமந்தவள்தான் என்றாலும், ஊரைக் கட்டியவர்களில் ஒருத்தியாகத் தன்னை அவள் என்றுமே நினைத்ததில்லை.

அந்த வசந்தத்தில் தாமோன் கூவியதும், கடைசிக் கப்பலில் வந்தவர்களுக்குப் பின்னால், தலையில் தண்ணீர்க் குடத்தோடு பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். தெலியாஸ் அவளையே பார்த்தபடி கல்லின் தன் முனையைக் கீழே விட்டான்.

"டேய், என் காலுடா!" என்று கோர்கோஸ் அலறினான்.

பரிமாறியவர்கள் இன்னொரு கிண்ணம் எடுத்து வைத்தார்கள்.