சாமி மேஜையில் தக்காளி

"பள்ளிக்கூடத்த விட்ட மாதிரி இந்தச் செடிங்களையும் பாதியில விட்டுடப் போறியாடி?" என்று வீட்டுக்காரம்மா சியு-கின் ஒருமுறை என்னிடம் கேட்டார். மொட்டை மாடிப் படியில் துணிக்கூடையோடு நின்றிருந்தார். "இல்லை" என்றேன். அதை மனசுக்குள் மட்டும் சொன்னேன் போலிருக்கிறது, "இப்படி ஊமையா நின்னா நான் என்னன்னு எடுத்துக்கறது?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டுப் போனார்.

கீழே அம்மாவின் காலைப் பலகாரக் கடை. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் சோயாப்பால் குடித்து முடிப்பதற்குள் "பொண்ணு இப்ப என்ன பண்றா?" என்று கேட்டுவிடுவார்கள். மாடியில் அதை யாரும் கேட்பதில்லை. அதனால் எனக்கு மாடி வேண்டும். சும்மா போய் நின்றால் துரத்துவார்கள். செடி வளர்த்தால் அதை ஒரு வேலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

தைவானின் தெற்கே, எங்கள் தைனானில் தக்காளிக்குக் குளிர்காலம்தான் சரி. மீன்கடை ஆ-தியம் மாமா காலித் தெர்மாகோல் பெட்டிகள் கொடுத்தார். சந்தையில் மூன்று வகை நாற்று வாங்கினேன். ஒன்று விரல்நுனி அளவுப் பழம் காய்க்கும் கொடி. இன்னொன்று தொட்டியிலேயே புதராக நிற்கும் குட்டை ரகம். மூன்றாவது, பழுத்தாலும் தோள்பட்டை பச்சையாகவே இருக்கும் பெரிய தக்காளி.

முதல் வாரமே மூன்றும் தலை தொங்கின. மாமா வந்து பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"அடியில ஓட்டை போட்டியா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"இதென்ன செடியா, மீனா? நீச்சல் பழக்கறியா?"

ஓட்டை போட்டதும் நிமிர்ந்துகொண்டன. "இலைக் கக்கத்துல ஒரு துளிர் வரும் பாரு, அத விடாதே. கிள்ளிப் போட்டுடு. இல்லேன்னா இலைதான் மிஞ்சும்" என்றார் மாமா. தினமும் காலையில் கிள்ளினேன். கொடி நன்றாக ஏறியது. பெரியதும் பூ வைத்தது. குட்டை மட்டும் பல் தேய்க்கும் பிரஷ் மாதிரி ஒற்றைக் குச்சியாக நின்றது. உச்சியில் நாலு இலை. நாற்று விற்றவளிடம் அந்தக் குச்சியைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினேன்.

அவள் வாயில் கைவைத்தாள். "ஐயோ, இத யாரு மொட்டையடிச்சது? குட்டை ரகம் பக்கத்துளிர்லதாம்மா காய்க்கும். எல்லாத்தையும் கிள்ளிட்டா அது எதுல காய்க்கும், உன் தலையிலயா?"

மாமாவிடம் சொன்னேன். "நான் கொடியப் பத்திச் சொன்னேன். நீ குட்டையக் கேட்டியா? வாயத் திறந்து கேக்கணும்" என்றார். அது சரிதான். பரிகாரமாக மீன் கழுவிய தண்ணீர் ஒரு வாளி கொடுத்தார். "இத ஊத்து, துள்ளி வளரும்."

துள்ளி வந்தது பூனைகள். சந்து முழுக்க இருந்த பூனைகள் மாடி ஏறிப் பெட்டிகளைத் தோண்டின. அதே நாள் கொடி, வீட்டுக்காரம்மாவின் துணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய், அவருடைய பூப்போட்ட பைஜாமாவைக் கட்டிக்கொண்டது. பைஜாமாவில் பச்சைக் கறை.

வீட்டுக்காரம்மா நேராகக் கடைக்குள் வந்தார். "மாடியில பூனை, பெட்டியடியில தண்ணி, தண்ணியில கொசு. அடுத்தது என்ன வளக்கப் போறா உன் பொண்ணு, முதலையா? டெங்கு பாக்க வர்றவங்க அபராதம் போட்டா நீ கட்டுவியா?"

"சின்னப் பொண்ணு, விடுங்கக்கா" என்றாள் அம்மா.

"விடறேன். குளிர் முடியறப்ப வருமே பூமிசாமி பிறந்தநாள், அதுக்குள்ள ஒரு தட்டு நிறையப் பழம் கண்ணுல காட்டச் சொல்லு. காட்டலேன்னா அன்னிக்குச் சாயங்காலமே பெட்டியெல்லாம் குப்பை வண்டியில. மாடிக்கும் பூட்டு."

அன்றிலிருந்து நான் குட்டையைத் தொடவே இல்லை. கொடிக்கு மட்டும் துளிர் கிள்ளி, மூங்கில் நட்டு, துணிக்கயிற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டினேன். பெட்டிக்கு அடியில் செங்கல் வைத்துத் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டேன். மீன் தண்ணீருக்குப் பதில் அரிசி கழுவிய தண்ணீர். பூனைகளுக்கு அதில் ருசி இல்லை. பிரஷ் மெல்லப் புதரானது. சாமி பிறந்தநாளன்று விடிந்ததும் மூன்று செடியிலிருந்தும் பறித்ததில் தட்டு நிறைந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரம்மா வீட்டுக் கதவு வரைக்கும் போனேன். தட்டக் கை வரவில்லை. உள்ளே போனால் பேச வேண்டும். வாசலில் படையல் மேஜை போட்டிருந்தார்கள். அன்னாசி, ஆரஞ்சு, அவித்த கோழி, சாமி தாடியில் ஒட்டிக்கொண்டால் பணம் சேருமென்று வைக்கும் பசை மாவுருண்டை. பூஜைக்கு அவர் எப்படியும் இங்கே வருவார், வந்தால் தானே பார்த்துக்கொள்வார் என்று தட்டைக் கோழிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

ஊதுபத்தியோடு வந்த வீட்டுக்காரம்மா கத்திய கத்தலில் கடையில் பாதிப் பேர் வெளியே வந்துவிட்டார்கள்.

"சாமிக்குத் தக்காளி வச்சது எவ?"

அம்மா என்னைப் பார்த்தாள். "அடிப்பாவி! தக்காளியும் கொய்யாவும் சாமிக்கு வைக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? அந்த விதை மனுஷ வயித்துக்குள்ள போய், முழுசா வெளிய வந்து, அங்கயே முளைக்கும்டி!"

"அதாவது, ஒருதடவ உபயோகிச்ச பழம்" என்றார் ஆ-தியம் மாமா.

"நீ போய் மீன வெட்டு" என்றார் வீட்டுக்காரம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "பழம் காட்டச் சொன்னது எனக்கு. சாமிக்கா காட்டச் சொன்னேன்?"

தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"சாமி கோவிச்சுக்கிட்டாரான்னு முதல்ல கேட்டுடறேன்." சாமியிடம் குறி கேட்கும் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் நெற்றியில் வைத்து முணுமுணுத்துத் தரையில் போட்டார். இரண்டும் தட்டைப்பக்கம் மேலே விழுந்தன. அப்படி விழுந்தால் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். மறுபடி போட்டார். மறுபடியும் சாமி சிரித்தார்.

"நல்லா ரசிக்கிறாரு" என்றார் மாமா. அவர் இன்னும் போகவில்லை.

வீட்டுக்காரம்மாவுக்கு முகம் சிவந்தது. "சரி சாமி, நேராவே கேக்கறேன். இந்தப் பெட்டிங்கள இன்னிக்கே குப்பையில போட்டுடவா?"

ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சாமிக்குச் சம்மதம். கட்டைகள் இரண்டும் குப்புற விழுந்தன. வேண்டாம்.

"விலாசம் சொல்லாமக் கேட்டுட்டேன்." தன் பேர், வீட்டு எண், சந்து எண் எல்லாம் சொல்லி மறுபடி போட்டார். வேண்டாம். கையைப் பைஜாமாவில் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை போட்டார். கட்டைகள் உருண்டு மேஜைக் காலில் இடித்து நின்றன. அம்மா குனிந்து பார்த்தாள்.

"வேண்டாம்னுதான் சொல்றாருக்கா."

யாரும் சிரிக்கவில்லை. மாமாகூட. நான் தூணை விட்டு வெளியே வந்து, "பச்சைத் தோள் இருக்கறதும் பழுத்ததுதான்" என்றேன். எனக்கே கேட்கும் அளவுக்குச் சத்தமாக வந்தது.

வீட்டுக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கட்டைகளைப் பொறுக்கிச் சாமிக்கு முன்னால் வைத்தார். தட்டிலிருந்த தக்காளிகளை ஒன்றுவிடாமல் தன் ஏப்ரனில் கொட்டி, முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஒரு குட்டிப் பழத்தை வாயில் போட்டு மென்றுகொண்டே, குப்பை வண்டி, பூட்டு என்ற பேச்சையே எடுக்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.