மூன்றாவது கரண்டி

“ரெண்டுதான்மா போட்டிருக்கே.”

“எனக்கு எண்ணத் தெரியும்டி, தாசூல்.”

“அப்பாவுக்கு?”

“அரிசி கழுவணும். தள்ளு.”

அம்மா பையின் வாயைச் சுருக்கி ஆணியில் மாட்டினாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு துணிப்பை தொங்கும். உலை வைக்கும்முன் சாப்பிடுகிற ஒவ்வொருவர் பங்கிலிருந்தும் ஒரு கரண்டி அரிசி எடுத்து, பேரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணிப் பையில் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது சபைக்குப் போகும். அங்கிருந்து அரிசி இல்லாத வீடுகளுக்கு. அம்மாவுக்கு, எனக்கு, அப்பாவுக்கு என்று எங்களுக்கு எப்போதும் மூன்று கரண்டி.

கப்பல் கட்டும் தளத்தில் அப்பா சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து இரண்டுதான். ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்து பார்க்கிறார். யாரைப் பார்க்கிறார் என்று தெரியவில்லை. மூக்கில் குழாய்.

எனக்கு அந்த இரண்டு கரண்டியைத் தாங்க முடியவில்லை. வாலிபர் குழுவில் தினமும் நன்றி சொல்லிப் பழகுவோம் என்று ஆரம்பித்து வைத்ததே நான்தான். பஸ் கிடைத்ததற்கு ஸ்தோத்திரம், முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் நன்றாகப் புளித்ததற்கு ஸ்தோத்திரம் என்று போனில் தட்டிக்கொண்டே இருப்பேன். என் வீட்டிலேயே அப்பா பேர் விட்டுப்போனால்? அம்மா முகம் கழுவப் போகிற நேரத்தில் மூன்றாவது கரண்டியை நானே போட ஆரம்பித்தேன். போதாதென்று, அறுப்பின் பண்டிகை அன்று சபை முன் எழுந்து சாட்சி சொல்ல அம்மா பேரையும் போதகரிடம் கொடுத்துவிட்டேன். அப்பா உயிரோடு இருக்கிறாரே, அதைச் சொல்லட்டும் என்று.

மாட்டிவிட்டது மல்சுன் அக்காதான். சபைச் சமையலறை அவள் ராஜ்ஜியம். பண்டிகை வேலைக்கு முந்தின நாளே சபைக்குப் போனோம்; அங்கே அம்மா நீட்டிய பையைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

“அடேயப்பா, போன வாரத்தைவிட என்ன கனம்! உன் பொண்ணு சாப்பாட்டைக் குறைச்சுட்டாளா? ஆண்டவருக்கே ஸ்தோத்திரம்!”

அம்மா சிரிக்கவில்லை. பையைத் திரும்ப வாங்கி ஒருதரம் ஏந்திப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

வெளியே சரிவில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“யாரைக் கேட்டுப் போட்டே?”

“அப்பா உயிரோட இருக்காரும்மா. அதுக்கு நன்றி சொல்லக்கூடாதா?”

“கரண்டி எதிலேருந்து எடுக்கிறது? அவங்கவங்க பங்கிலேருந்து. அவர் சோறு தின்னு எத்தனை நாளாச்சு? பானையில அவர் பங்கே இல்லையே, தாசூல். இல்லாத பங்கிலேருந்து எடுத்து ஆண்டவருக்குக் கொடுக்கிறியா? யாரை ஏமாத்தறே?”

“நீ ஆண்டவர்கிட்ட கோவமா இருக்கே. அதான்.”

“ஆமா, கோவம்தான். அதையாவது பொய்யில்லாம வெச்சுக்கறேன், விடு.”

சாட்சி விஷயத்தை அப்போதாவது சொல்லியிருக்கலாம். பயத்தில் விட்டுவிட்டேன்.

மறுநாள் மேடை முழுக்கப் பூசணி, சீமைப் பனிச்சைப் பழம், புது நெல்கட்டு. போதகர் அம்மா பேரைக் கூப்பிட்டார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து நின்றாள். சபையே ஆமென் சொல்லத் தயாராக வாயை வைத்திருந்தது.

“என் பொண்ணு பேர் கொடுத்திருக்கா, அதனால நிக்கிறேன்,” என்றாள். “எனக்கு இப்ப நன்றி வரலை. வந்தா வந்து சொல்றேன்.”

உட்கார்ந்துவிட்டாள். யாரோ பழக்கத்தில் “ஆமென்” என்று சொல்லிப் பாதியில் விழுங்கினார்கள். எனக்குக் காது சுட்டது. மதியச் சாப்பாட்டில் எங்கள் மேசையில் யாரும் உட்காரவில்லை. மல்சுன் அக்கா மட்டும் வந்து, அம்மா கிண்ணத்தில் இரண்டு துண்டு கறியைக் கூடப் போட்டு, “தின்னு. நிக்கிறதுக்குத் தெம்பு வேணும்ல,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா அப்பாவின் உதட்டை ஈரத்துணியால் துடைத்தாள். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில், அம்மா சபைக்குப் போவதை நிறுத்திவிடுவாள், நான்தான் காரணம் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அரிசி அளந்தாள். அவளுக்கு ஒரு குவளை. எனக்கு ஒன்று. கை நின்றது. பிறகு இன்னொரு குவளை, தலைதட்டி.

“யாருக்கும்மா?”

“வாயை மூடு.”

மூன்றிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி எடுத்தாள். முதல் இரண்டுக்கும் வழக்கம்போல உதடு அசைந்தது. மூன்றாவதைப் பேர் சொல்லாமல், ஸ்தோத்திரமும் சொல்லாமல், பையில் கொட்டினாள். கொட்டினாள் என்பதைவிட எறிந்தாள்.

சோறு வெந்ததும் அப்பாவின் கிண்ணத்தில் நிறைய வைத்து, மூடி போட்டு, சூடு போகாமல் துண்டால் சுற்றி, வேலை முடிந்து வருகிறவருக்கு வைப்பதுபோல அவர் இடத்தில் வைத்தாள். நாங்கள் சாப்பிட்டோம். அந்தக் கிண்ணத்தை யாரும் தொடவில்லை.

எனக்கு அன்றிலிருந்து மண்டை குடைகிறது. குழுவில் கேட்கவும் தைரியமில்லை, அதனால் உங்களைக் கேட்கிறேன். அம்மா எறிந்தாளே அந்தக் கரண்டி, அது நன்றிதானே? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?