இடப்பக்கம் உட்கார்ந்தவள்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பிழைதிருத்துபவருக்கு மூன்றாம் நாள் பேச்சு நன்றாகவே வந்துவிட்டது. மனைவியிடம் மட்டும் அவர் பேசவில்லை.

கட்டிலுக்கு வலப்பக்கம் அவருடைய அக்கா. அவளிடம் அச்சகத்து வம்பிலிருந்து அடுத்த கட்டில்காரரின் குறட்டை வரை அளந்து தள்ளினார். இடப்பக்க நாற்காலியில் மனைவி. பழம் நறுக்கி நீட்டினாள். கை அந்தரத்தில் நின்றது. "என்னங்க" என்றாள். அவர் அக்காவைப் பார்த்து, "கூப்பிட்டியா?" என்றார்.

"பாவம், கூடப் பொறந்தவதான் கண்ணுக்குத் தெரியறா" என்றாள் அக்கா. அவள் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் ஒன்றுதான் பாக்கி.

வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டிலும் அதே கூத்து. தட்டின் வலது பாதியை வழித்துத் தின்றுவிட்டு, "இவ்வளவுதானா? பட்டினி போட்டே கொன்னுடுவீங்க" என்று புலம்பினார். இடது பாதி அப்படியே குவிந்து கிடந்தது.

மறுநாள் காலை மூளை மருத்துவர் வந்து கடிகாரம் வரையச் சொன்னார். நோயாளி பன்னிரண்டு எண்களையும் வலது அரைவட்டத்துக்குள் திணித்தார். மருத்துவர் ஒரு தாளில் ஏதோ எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

'இடப்பக்க புறக்கணிப்பு' என்று இருந்தது.

அவளுக்கு வயிறு குளிர்ந்தது. இருபத்தாறு வருஷமாகத் தொண்டை கிழியச் சொன்னதை யார் நம்பினார்கள்? "பாருங்க அண்ணி! பெரிய டாக்டரே எழுதிக் குடுத்துட்டார். எந்தப் பக்கம்னுகூடப் போட்டிருக்கு."

கைகால் பயிற்சி கொடுக்க வந்த பெண் சிரித்துவிட்டாள். "அய்யோ, அது அந்தப் புறக்கணிப்பு இல்லம்மா. மூளையோட வலப்பக்கத்துல அடி. இடப்பக்கத்துல இருக்குறத கவனிக்கிற வேலை அதோடது. அவர் கண்ணுல கோளாறில்ல. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்குறதே மூளைக்கு விட்டுப்போச்சு. உங்கள அவர் ஒதுக்கல. அவரப் பொறுத்தவரைக்கும் நீங்க இல்லவே இல்ல."

"அதத்தான்மா நானும் சொல்றேன்!"

நம்பாமல், கட்டிலின் கால்மாட்டில் போய் நேரெதிரே நின்றாள்.

"எங்க போயிட்ட இவ்வளவு நேரம்?" என்றார் அவர்.

தாளை அவர் முன் பிடித்தாள். "படிங்க."

"கணிப்பு" என்று வாசித்தார். "என்ன கணிப்பு? ஜோசியமா?"

ஒரு புள்ளி விட்டுப்போனால் பக்கத்து வீடு வரை கேட்கத் திட்டுகிற மனுஷன், முக்கால் வரியை விழுங்கிவிட்டுக் குழந்தைபோல் விழித்தார். நடிப்பதென்றால்கூட எழுத்தை விட்டுக்கொடுத்து நடிக்கிற ஆள் இல்லை.

"நான் வலப்பக்கம் உக்காந்துட்டா?" என்று பயிற்சிப் பெண்ணிடம் கேட்டாள்.

"உங்களுக்கு நிம்மதி. ஆனா அவர் தேறணும்னா இடப்பக்கத்துலேருந்துதான் தொடணும், கூப்பிடணும். திரும்புறவரைக்கும் விடக்கூடாது."

"அத நான் பாத்துக்கறேன்" என்று அக்கா பாய்ந்து அந்த நாற்காலியைப் பிடித்தாள். அரைமணி நேரம் "தம்பி, தம்பி" என்று உருகினாள். தம்பி சுவரைப் பார்த்து, "அக்கா சொல்லாம போயிட்டாளா? எப்பவும் அவ இப்படித்தான். பொழுதுபோகலன்னா வருவா, வேலைன்னா ஓடிடுவா" என்று ஆரம்பித்தார். முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மனைவி மறுபடி இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவருடைய இடது கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தாள். முகவாயைத் தன் பக்கம் திருப்பினாள். தாளில் விரலை வைத்து இடது ஓரத்துக்கு மெல்ல இழுத்தாள். "இன்னும். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்."

அவர் நெற்றி வியர்த்தது. "புற... புறக்கணிப்பு."

"இன்னும்."

"இடப்பக்க..." நிறுத்தி முறைத்தார். "எவன் எழுதினது இது? 'பக்க'வுக்கு அப்புறம் 'ப்' எங்க?"

அவள் ஓவென்று அழுதாள். அடுத்த கட்டில்காரர் குறட்டையை நிறுத்தி எழுந்து உட்கார்ந்தார்.

நான்கு மாதத்தில் அவர் அரைநாள் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஒவ்வொரு தாளின் இடது ஓரத்திலும் தடித்த சிவப்புக்கோடு போட்டுக் கொடுப்பது அவள் வேலை. கோடு கண்ணில் படுகிறவரை அவர் திரும்பியாக வேண்டும். அச்சகத்தில் ஒரு பிழைகூடத் தப்பவில்லை. வீட்டைப் பெருக்கச் சொன்னால் மட்டும், துடைப்பம் இடப்பக்கம் இருப்பதால் தெரியவில்லை என்றார்.

அதை அவள் வலப்பக்கச் சுவரில் மாட்டினாள்.