காத்து வாங்கப் போன மீட்டர்

பஸ் நிலையத்துக்கு எதிர்க் கட்டிடத்தில், முதல் மாடி பால்கனிக்காரரைத் தெருவே மீட்டர் சார் என்றுதான் சொல்லும். ஆடிட் ஆபீசில் ஓய்வு பெற்றவர். அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தே பழகிய கை சும்மா இருக்குமா? காற்றில் எவ்வளவு தூசி, எவ்வளவு புகை என்று அளந்து சொல்லும் கருவி ஒன்றை வாங்கிப் பால்கனிக் கம்பியில் மாட்டிவிட்டார். டீ டம்ளர் உயரம்தான். நெற்றியில் ஒரு குட்டி விளக்கு, வயிற்றில் ஒரு பேட்டரி, ஒரு சிம் கார்டு. பச்சை என்றால் நல்ல காற்று. சிவப்பு என்றால் ஜன்னலைச் சாத்து. அதே செய்தி அவர் போனுக்கும் வந்துகொண்டே இருக்கும். கீழே டிரைவர்கள் இஞ்சினை அணைக்காமல் அரட்டை அடிக்கிற இடத்தில் பச்சைக்கு என்ன வேலை?

இதில் மாட்டிக்கொண்டவர் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவர். அவர் விசில் ஊதினால் தெருநாய்கூட வரிசையில் நிற்கும் என்பார்கள். இப்போது மூச்சிழுப்பு. விசில் ஆணியில் தொங்குகிறது, பையில் இன்ஹேலர். "புகையில நிக்காதீங்க. தினமும் நடங்க" என்று டாக்டர் இரண்டு சொன்னார். சார் காதில் ஒன்றுதான் விழுந்தது.

டீச்சர் செருப்பை மாட்டினால் போதும், சார் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே "சிவப்பு" என்பார்.

"பள்ளிக்கூடத் திடலுக்குத்தாங்க. அங்க ஏது பஸ்ஸு?"

"காத்து என்ன வேலி போட்டுக்கிட்டா நிக்குது? இங்க சிவப்புன்னா ஊரே சிவப்புதான்."

அக்கறைதான், யார் இல்லை என்றது? ஆனால் சாத்திய வீட்டுக்குள் எண்ணெய்ப் புகையும் சாரின் விளக்கவுரையும் சுற்றிச் சுற்றி வந்தால் எந்த நெஞ்சு தாங்கும்? ஒரு மாடி ஏறவே டீச்சர் நடுப்படியில் நிற்க ஆரம்பித்திருந்தார். இப்படியே போனால் அடுத்தது கட்டில்தான் என்ற பயம் அவருக்கு.

மேல் வீட்டுத் தையல்காரம்மாவிடம் புலம்பியபோது, அவர் பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டுச் சொன்னார். "பேசாம அந்த மீட்டரையும் கூட்டிட்டுப் போங்களேன் டீச்சர். நீங்க சொன்னா கேக்காதவரு, அது சொன்னா கேப்பாருல்ல?"

மறுநாள் சாயங்காலம் சார் சோபாவில் போனும் கையுமாக இருக்க, டீச்சர் மீட்டரைக் கழற்றி வலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். செருப்பு கையில். "மேல போயிட்டு வரேங்க" என்றார். சொன்ன சொல் தவறாமல் மேலே போய்த் தையல்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு, அப்புறம்தான் கீழே இறங்கினார்.

பஸ் நிலையத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தார்கள். அச்சகத்துச் சந்து திரும்பியதும் விளக்கு மஞ்சளானது. திடலின் மரங்களுக்குள் போனதும் பச்சை. முதல் சுற்றில் டீச்சர் இரண்டு முறை நின்றார். அடுத்த சுற்றில் நிற்கவில்லை.

அப்போது தையல்காரம்மாவின் போன் கூவியது. கட்டிடக் குரூப்பில் மீட்டர் சார் எழுதியிருந்தார்: 'எனது இடைவிடாத புகார் மனுக்களின் பலனாக நம் தெருக் காற்று பச்சையை எட்டிவிட்டது. அனைவரும் ஜன்னல்களைத் திறந்து பயனடையவும்.' கீழே கைதட்டல் படங்கள் வரிசை கட்டியிருந்தன.

தையல்காரம்மா மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போனைத்தான் பார்க்கிறாரு போல. கம்பியில மீட்டர் இருக்கான்னு பார்க்கவே இல்ல."

டீச்சருக்கும் சிரிப்புதான், ஆனால் பாதியில் நின்றுவிட்டது. "ஐயோ, இந்த மனுஷன் பால்கனியில போய் நிப்பாரே."

நின்றுகொண்டுதான் இருந்தார். வீட்டில் எல்லா ஜன்னலும் ஆவென்று திறந்து கிடந்தன. சார் கண்ணில் நீர் வழிய, போனைக்கூடப் பார்க்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. நல்லா இழுத்து விடு. பச்சைக் காத்து."

டீச்சர் பையிலிருந்து மீட்டரை எடுத்துக் கம்பியில் மாட்டினார். பஸ் நிலையத்தைத் தாண்டும்போதே அது சிவந்திருந்தது. சார் போனைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், பையைப் பார்த்தார். ஆடிட்காரருக்கு இதைக் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

"எங்க கொண்டு போன?"

"திடலுக்கு. அங்க அது நல்லா மூச்சு விட்டுச்சு. நானும்தான். இன்ஹேலரைத் தொடவே இல்ல."

"குரூப்ல வேற போட்டுட்டேனே."

"நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். நாளைக்கும் போகணும், அவ்வளவுதான்."

சார் மீட்டரைக் கம்பியில் நேராக்கினார். பிறகு, என்னமோ தானே கண்டுபிடித்தது மாதிரி, "இங்க சிவப்பா இருந்தாலும் அங்க பச்சையா இருக்கலாம்" என்றார்.

குரூப்பில் திருத்தம் வந்தது: 'ஜன்னல்களை மீண்டும் சாத்தவும். நாளை முதல் நடமாடும் ஆய்வு.'

இப்போது சாயங்காலமானால் சாரும் கூடப் போகிறார், தளும்பும் காபியை ஏந்துவது போல மீட்டரைப் பிடித்துக்கொண்டு. டிரைவர்கள் இஞ்சினை அணைத்தபாடில்லை. அதற்குத் திடலின் அளவையும் தெருவின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புது மனு தயாராகிறதாம். அளவைப் படிக்க அவர் நடுவழியில் நின்றுவிட்டால், முன்னாலிருந்து டீச்சரின் விசில் கேட்கிறது. முதல் வாரம் வெறும் காற்றுதான் வந்தது. இப்போது பஸ் நிலையம் வரை கேட்கிறது.