வைக்க மறந்த ஈயம்

பல்செட் கட்டுகிறவரிடம் ஒரு நல்ல குணம் உண்டு; அதுவே கெட்ட குணமும்கூட. கையில் எடுத்த வேலையில் ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பது தொழில். மேசையின் இடப்பக்கம் பிளாஸ்டர் வாய்கள் வரிசையாக இளித்துக்கொண்டு நிற்கும். வலப்பக்கம் பிளாஸ்டிக் விமானங்கள். பெட்டியில் துண்டு துண்டாக வரும் கிட்டை வாங்கி, வெட்டி, ஒட்டி, பட்டி பார்த்து, வர்ணம் அடித்துக் கண்ணாடி அலமாரியில் ஏற்றுவது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று அவர் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி. ஐம்பது வயது மனுஷர் விரல் நீள இறக்கைக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டு, மூன்று தடவை கூப்பிட்டாலும் ‘ம்’ கூடக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தால் யார்தான் பொறுப்பார்கள்?

இந்தக் கிட்டை வாங்கிக் கொடுத்தது அவளுடைய தம்பி. சரக்கு விமானம் ஓட்டுகிறவன். இரண்டு எஞ்சின், முன்னால் இரண்டே இருக்கை, பின்னால் முழுக்க மூட்டை முடிச்சு. அவன் ஓட்டும் அதே ரகம்தான் பெட்டி மேல் படமாக இருந்தது. அவனுக்குப் பக்கத்து இருக்கையில் பறக்கிறவரும் அன்று கூட வந்திருந்தார். எந்நேரமும் சுருதி சேராமல் எதையாவது முணுமுணுப்பதால் அவருக்குப் பாட்டுக்காரர் என்றே பெயர். ஒரு பிளாஸ்டர் வாயைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே தன் மாமியார் வாய்தான், இன்னும் பேச ஆரம்பிக்காததுதான் ஆச்சரியம் என்று சொல்லி வீட்டையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்துவிட்டுப் போனார்.

விமானிகள் ஏறும் பக்கக் கதவைத் திறந்தபடியும் ஒட்டலாம், மூடியபடியும் ஒட்டலாம் என்று குறிப்புத்தாளில் போட்டிருந்தது. மச்சினன் அதைக் காட்டிக் கிண்டல் செய்தான்.

“ஒரு தடவையாவது கதவத் தொறந்து வைங்க அத்தான். உள்ள இருக்கறவன் மூச்சு முட்டிச் செத்துடப் போறான்.”

அத்தானா கேட்பார்? திறந்த கதவு என்றால் கீல் ஒட்ட வேண்டும், உள்பக்கம் வர்ணம் அடிக்க வேண்டும், கை பட்டால் ஒடியும். மூடியே ஒட்டினார். சுற்றிலும் மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தது. அதையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மூன்று கை வெள்ளை அடித்தார். அதன்மேல் மூக்கிலிருந்து வால்வரை, கதவின் குறுக்காக, ஒரே இழுப்பில் ஒரு நீலக்கோடு. அப்படி ஒரு கோடு அவர் கையில் அதற்குமுன் விழுந்ததே இல்லை. இரண்டு நாள் அதைப் பார்த்துப் பார்த்தே பசியாறினார்.

ஒரு திங்கட்கிழமை காலை சக்கரங்கள் காய்ந்துவிட்டன. விமானத்தை முதல் தடவையாக மேசைமேல் நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் கையை எடுத்தபோதுதான் பாட்டில் மூடி கண்ணில் பட்டது. மூடிக்குள் பத்து ஈயக் குண்டுகள், எண்ணி வைத்தது எண்ணி வைத்தபடியே இருந்தன.

மூக்குக்கு அடியில் சக்கரம் உள்ள விமானத்தைக் கட்டுகிறவர்கள், உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டுவதற்குமுன் மூக்குக்குள் எடை வைத்துவிட வேண்டும். மறந்தால் போச்சு. பின்பாரம் இழுத்து வால் தரையில் குத்தும், மூக்கு வானத்தைப் பார்க்கும். போன வருஷம் அவருக்கே அந்த அவமானம் நேர்ந்து ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வால் இறங்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். இறங்கவில்லை. விரலால் வாலை மெல்ல அழுத்தினார். மூக்கு எழும்பியது; விரலை எடுத்ததும் மறுபடி இறங்கி, சக்கரத்தில் நன்றாக ஊன்றி உட்கார்ந்துகொண்டது. ஈயம் மூடியில் இருக்கிறது, விமானம் நிமிர்ந்து நிற்கிறது. இது எப்படி என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போன் அடித்தது. மனைவி எடுத்தாள். இரண்டு தடவை “சரியாப் பாத்துச் சொல்லுங்க” என்றாள். 

மலைக்காட்டின் மேலே பறந்துகொண்டிருந்த சரக்கு விமானம் ஒன்றைக் காணவில்லை. உள்ளே இரண்டு பேர்.

அன்று முழுக்க வீட்டில் போனும் அழுகையும்தான். பாட்டுக்காரரின் மனைவி மணிக்கொரு தரம் கூப்பிட்டாள். மறுநாள் காலை தன் மனைவி எழுந்திருக்குமுன் அவர் பட்டறைக்குப் போனார். மனசு ஆறாதபோது எதையாவது நிறுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். பல்லுக்கு உலோகம் நிறுக்கும் சின்னத் தராசு இருந்தது, பக்கத்திலேயே நோட்டும் இருந்தது. எந்தக் கிட்டைத் திறந்தாலும் முதலில் பிளாஸ்டிக்கை நிறுத்து எழுதுவார். அப்புறம் ஒட்டியது, தேய்த்தது, தொட்டுச் சரிசெய்தது எல்லாவற்றையும் நாள்வாரியாக எழுதுவார். அந்தக் கணக்குப்படி, வர்ணமும் சேர்த்து விமானம் ஐம்பத்தெட்டு கிராம் இருக்க வேண்டும். தராசு எழுபத்திரண்டு புள்ளி இரண்டு காட்டியது.

பதினான்கு புள்ளி இரண்டு கிராம் அதிகம். குலுக்கிப் பார்த்தார். உள்ளே எதுவும் உருளவில்லை.

அடுத்த நாள் அந்த அதிகம் பதின்மூன்று புள்ளி எட்டாகக் குறைந்திருந்தது. நான்காம் நாள் காலை பதின்மூன்றரை.  ஈயம் என்றால் இளைக்குமா? பசை என்றால் இப்படி நாளுக்கு நாள் தேயுமா? சாப்பாடில்லாமல் கிடக்கிற உயிர்தான் தேயும். முன்னால் இரண்டு இருக்கை. பதினான்கு புள்ளி இரண்டை இரண்டு ஆளுக்குப் பங்கு போட்டுப் பார்த்தார். ஆளுக்கு ஏழு புள்ளி ஒன்று வந்தது.

புத்தி இது பைத்தியக்காரத்தனம் என்றது. கை தன் பாட்டுக்குப் போய்க் கத்தியை எடுத்தது. கதவின் ஓரம் எங்கே இருக்கும் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். நுனியை வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். எள்ளளவு நீலம் உதிர்ந்து மேசையில் விழுந்தது.

அதோடு கை நின்றுவிட்டது. பிளாஸ்டிக் பொம்மையை அறுத்தால் போனவன் திரும்பி வருவானா, ஊரில் கேட்டால் சிரிக்க மாட்டார்களா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். எல்லாம் வெளிப்பூச்சு. கோட்டைக் கெடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான் சங்கதி. பொடித் தூரிகையில் நீலத்தைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கீறலை மூடினார். ஒரு பொட்டு வர்ணத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் காலை தராசு காட்டிய அதிகம் ஆறு புள்ளி நான்குதான்.

ஒரே நாளில் பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது. தராசில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று புதுசு போட்டார். பத்து கிராம் படிக்கல்லை வைத்தார், சரியாகப் பத்து காட்டியது. விமானத்தை வைத்தார், மறுபடி அதேதான். விமானம் இன்னும் மூன்று சக்கரத்திலும் நின்றது. ஆனால் ஜன்னலோரம் லாரி போனால் இப்போது மூக்கு லேசாக ஆடியது. நோட்டில் எழுதி மூடி வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் யோசிக்கவில்லை, யோசிக்கப் பயந்தார்.

ஒன்பதாம் நாள் விமானக் கம்பெனியின் ஆள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், தண்ணீர் கொடுத்ததை வாங்கக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது. மேகம் விலகவே இல்லை, தேடிய இடத்தையே எத்தனை தடவை தேடுவது, இன்றோடு நிறுத்துகிறார்கள் என்றார். இரண்டு பேரையும் இறந்தவர்களாக எடுத்துக்கொள்ள வீட்டார் சம்மதித்து ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். தாய் தகப்பன் இல்லாத தம்பி, அக்காதான் போட வேண்டும். அவள் பேனா எடுக்கப் பட்டறைக்கு வந்தாள்.

பேனாவை எடுத்தவள் அப்படியே நின்றாள். இருபத்தாறு வருஷமாக அந்த அலமாரியைத் தூசி தட்டுகிறவளுக்கு எது வால் குத்தும், எது குத்தாது என்று தெரியாதா? விமானத்தைப் பார்த்தாள். பாட்டில் மூடியைப் பார்த்தாள். பத்துக் குண்டையும் விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள்.

“இதுக்கு எடை வைக்கலையா?”

“மறந்துட்டேன்.”

“அப்புறம் எப்படி நிக்குது?”

 அவர் நோட்டை எடுத்து நீட்டினார். அவள் நின்றபடியே ஒரு வரி விடாமல் படித்தாள். படித்து முடிக்கும்போது அவள் முகம் பிளாஸ்டர் நிறத்துக்கு வந்துவிட்டது.

“கதவ வெட்டுங்க.”

“கோடு போயிடுமே” என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவருக்கு உறைத்தது. அவள் திட்டவில்லை. கல்யாணமான நாள் முதல் எத்தனையோ விதமாக முறைத்திருக்கிறாள். இப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. யாரோ வழியில் போகிறவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

வெட்டினார். மேலே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, கீழே ஒன்று. பட்டி பொடியாக உதிர்ந்தது, நீலக்கோடு இரண்டாக அறுந்தது. நகத்தை விட்டு நெம்பியதும் கதவு கழன்று மேசையில் விழுந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவர் ஒட்டிய இரண்டு சாம்பல்நிற இருக்கைகள் காலியாக இருந்தன.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூக்கு தானாக மேலே எழும்ப, ‘டக்’கென்று வால் மேசையில் குத்தியது. தராசில் வைத்தார். கதவையும் பக்கத்தில் வைத்தபோது ஐம்பத்தெட்டு கிராம், ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவள் கூடத்துக்குப் போய், கையெழுத்துப் போட முடியாது, நாளைக்கு வாருங்கள் என்று அந்த ஆளை அனுப்பிவிட்டாள். அப்புறம் போனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் ஐந்தே காலுக்குப் போன் வந்தது. மலைப்பாதையில் சேறும் தாடியுமாக ஓர் ஆள் தள்ளாடி நடந்து வந்ததை லாரிக்காரர் ஒருவர் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தபோது அக்கா கதறித் தீர்த்தாள். நர்ஸ் கட்டிலில் மாட்டியிருந்த அட்டையில் எடையை எழுதினாள்: ஐம்பத்தொன்பது கிலோ. பல்செட் கட்டுகிறவர் அதைப் படித்துவிட்டுப் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெட்டுவதற்குமுன் அன்று காலை அவர் எழுதிய அதிகம் ஐந்து புள்ளி ஒன்பது.

மச்சினன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். விமானம் ஒரு பள்ளத்துச் சேற்றில் மூக்கைக் குத்தி நின்றதாம். முன்கண்ணாடியை மண் மூடிவிட்டது, பின்பக்கம் மூட்டைகள் சரிந்து அடைத்துவிட்டன. மிச்சம் இருந்தது பக்கக் கதவு. அது நசுங்கி இறுகிக்கொண்டது. ஒரு பொட்டலம் பிஸ்கட்டும், கூரையில் கசிந்த மழைத்தண்ணீரும்தான் இரண்டு பேருக்கும். பாட்டுக்காரருக்கு நெஞ்சில் அடி, ஆனாலும் பாட்டை விடவில்லையாம். ஒன்பதாம் நாள் காலை கதவு தானாகப் பிளந்தது. வந்து பார்த்த அதிகாரிகள் தகடு விட்டுப்போனது என்கிறார்கள்.

“தகடு விட்டா இப்படியா விடும்? ஸ்கேல் வெச்சுக் கத்தியால வெட்டின மாதிரி இருந்துச்சு” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “நாலாம் நாளே யாரோ வந்தாங்க அத்தான். வெளிய கதவோரத்துல ஒரு தடவ சுரண்டினாங்க. ரெண்டு பேரும் தொண்ட கிழியக் கத்தினோம். அப்புறம் என்னமோ ஈரமாத் தடவற சத்தம். அதோட சரி.”

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பாட்டுக்காரர் நம்பிட்டாரு. பெரிய கத்தி எடுத்தாரப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்கன்னு சொல்லி, காதக் கதவுல வெச்சபடியே உக்காந்திருந்தாரு. விடியும்போது தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருந்தாரு. காத மட்டும் எடுக்கல.”

அவர் தலையைத் தூக்கவில்லை. மனைவி தன்னைப் பார்க்கிறாள் என்பது பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது. நோட்டில், நான்காம் நாளுக்கு எதிரே, அவர் கைப்பட எழுதியிருந்தார்: கதவோரம் சின்னக் கீறல், நீலம் தொட்டுச் சரிசெய்தாயிற்று. அதை அவள் படித்திருந்தாள்.