ஆல்டர்விக் வால்டர்

பிரபுவின் பண்ணையை விட்டு ஓடிவந்த பண்ணையாள் லிங்கன் நகரத்தில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் சுதந்திர மனிதன்; பிரபுவே வந்தாலும் தொட முடியாது. வால்டருக்கு இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. அதற்குள் அவன் பெயரே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது.

தோல் பதனிடும் அந்தத் தெருவில் ஏற்கெனவே மூன்று வால்டர்கள். புதிதாக வந்தவனை எப்படிப் பிரித்துக் கூப்பிடுவது? பீர்க்கடை மபிலா முதல் நாளே அவனிடம் ஊரைக் கேட்டாள். பசி மயக்கத்தில் இந்த மடையன், தான் ஓடிவந்த பண்ணையின் ஊரையே சொல்லித் தொலைத்தான். அன்றிலிருந்து அவன் ஆல்டர்விக் வால்டர். போகப்போக வால்டர் உதிர்ந்து வெறும் ஆல்டர்விக். சேற்றில் வளரும் மரங்களுக்கு நடுவே ஒரு மாட்டுப்பட்டி, அந்தப் பெயருக்கு அவ்வளவுதான் அர்த்தம். அதே தெருவில் இடோனியாவைக் கட்டிக்கொண்டான். இப்போது அவள் நிறைமாதம்.

"அக்கா, நெட்டை வால்டர்னு கூப்பிடுங்களேன்."

"நெட்டையா? நீயா? ஏணி வச்சாத்தான் என் பீப்பாயே உனக்கு எட்டும்," என்றாள் மபிலா.

கடையே சிரித்தது. காரணத்தைச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊரே பேசும். கெஞ்சக் கெஞ்ச அந்தப் பெயர்தான் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

அந்த வாரச் சந்தை நாளன்று பண்ணைக் காரியஸ்தன் இரண்டு ஆட்களோடு கம்பளி விற்க வந்தான். வால்டரைத் தேடுவதை அவன் எப்போதோ விட்டிருந்தான். தாகத்துக்குத்தான் மபிலா கடையில் உட்கார்ந்தான்.

"ஐயா எந்தப் பக்கம்?"

"ஆல்டர்விக்."

"அட, நம்ம ஆளோட ஊரு."

பாவம், அவளுக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. சொந்த ஊர் முகத்தைப் பார்த்தால் பையன் மகிழ்வான் என்று நினைத்தாள். வாசலுக்கு வந்து, "ஆல்டர்விக், உங்க ஊர்க்காரங்க வந்திருக்காங்கப்பா, வா," என்று கூவினாள்.

நிறைமாதக்காரியை விட்டுவிட்டு வால்டர் எங்கே ஓடுவான்? நின்ற இடத்திலேயே அவன் கைகளைப் பின்னால் முறுக்கிக் கட்டினார்கள். இடோனியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"பொறக்கற புள்ளைக்கு மட்டும் அந்தப் பேரு வேண்டாம்டி," என்றான் வால்டர். "பண்ணையாளோட புள்ளையும் பண்ணையாள்தான். நாளைக்கு அதையும் தேடி வருவாங்க."

அவள் தலையாட்டினாள்.

நாலு நாளில் ஆண்பிள்ளை பிறந்தது. தெருப்பெண்கள் ரொட்டியும் பழந்துணியுமாக வந்து குவிந்தார்கள். யாரும் அவளை ஒரு வேலை செய்ய விடவில்லை. மபிலா அழுது வீங்கிய முகத்தோடு பிள்ளையை வாங்கி முத்தமிட்டாள்.

"என் தங்கமே, குட்டி ஆல்டர்விக்கே."

மற்றவர்களும் அப்படியே கொஞ்சினார்கள். இடோனியா எத்தனை பேர் வாயைத்தான் மூடுவாள்?