கயிற்றின் மறுமுனை

அந்தப் படத்தில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் ஒல்லி, எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவார். மற்றவர் குண்டு, எதற்கெடுத்தாலும் சாப்பாடு பேசுவார். ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாது. படம் முடிவதற்குள் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிடுவார்கள். ஊரே வயிறு குலுங்கச் சிரித்த படம். ஆனால் திரையில் ஓடியது, தாவியது, லாரியிலிருந்து உருண்டது எல்லாம் வேறு இரண்டு பேர். ஒல்லிக்கு டூப் போட்டவனைப் பூனை என்று கூப்பிடுவார்கள். எங்கிருந்து தள்ளிவிட்டாலும் காலூன்றித்தான் விழுவான். குண்டுக்கு டூப் போட்டவன் பஞ்சு. அவனுக்குச் சொந்தத் தொப்பை கிடையாது. வயிற்றில் பஞ்சு மூட்டையைக் கட்டிக்கொண்டுதான் சுவர் ஏறுவான்.

அதே படத்தில்தான் பூனைக்கு இடுப்பு எலும்பு நொறுங்கியது. ஓட்டல் சுவரில் கயிற்றில் தொங்கும் காட்சிக்கான ஒத்திகை. கீழே அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளுக்கு அப்பால், சிமெண்ட் விளிம்பில் போய் விழுந்தான். கயிறு அறுந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னான். அதற்குப் பிறகு கையில் ஊன்றுகோல், வேலை கிடையாது. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை வெளுக்கப் போனாள். பஞ்சும் கொஞ்ச நாளில் சண்டைத் தொழிலை விட்டுவிட்டு, ஒரு கடைக்கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் கார் நிறுத்துமிடக் காவலுக்குச் சேர்ந்தான். ஆனால் ஞாயிறு தவறாமல் வந்துவிடுவான். மருந்து வாங்கித் தருவான், முடிவெட்டக் கூட்டிப்போவான், நண்பனைத் தோளில் சாய்த்து மாடிப்படி ஏற்றி இறக்குவான். பூனையின் மனைவிக்கு அவன் கூடப்பிறக்காத அண்ணன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பஞ்சு கையில் ஒரு டிவிடியோடு வந்தான்.

“நம்ம படம்டா. புதுசாப் போட்டிருக்கான். படத்துல வராத சீனெல்லாம் இருக்காம். அட்டையிலயே போட்டிருக்கு.”

“எனக்கு அந்தப் படம் வேணாம்ணா,” என்றாள் மனைவி. இத்தனை வருஷமாக அவள் அதைப் பார்த்ததே இல்லை.

“ஒரு தடவை பாரும்மா. உன் வீட்டுக்காரர் எப்படிப் பறந்தார்னு நீ பார்க்க வேணாமா?”

அவன் கெஞ்சிய கெஞ்சலில் மனமிரங்கி, மடிக்க வேண்டிய துணிகளோடு வந்து உட்கார்ந்தாள். படம் ஓடியது. “அது என் முதுகு,” என்றான் பூனை ஓரிடத்தில். “அது என் தொப்பை,” என்றான் பஞ்சு இன்னோரிடத்தில். ரொட்டி வண்டியைத் துரத்தும் காட்சியில் அவளும் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள். பூனைக்கு மனசு லேசானது. கயிற்றுக் காட்சி வந்தபோது மட்டும் அவள் துணியில் கண்ணை வைத்துக்கொண்டாள். அதில் தொங்கியது பூனை இல்லை, பிறகு வந்த வேறொருவன்.

படம் முடிந்ததும் பஞ்சு ரிமோட்டை எடுத்துக் கூடுதல் காட்சிகளைத் தேடினான். ‘சொதப்பல்கள்’ என்று ஒரு பகுதி இருந்தது. குண்டு நடிகர் வசனத்தை மறந்து விழித்தார். ஒல்லி நடிகரின் மீசை கழன்று சூப்பில் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கோமாளிச் சத்தம்.

அடுத்து ஓட்டலின் மொட்டைமாடி. பஞ்சு கப்பியில் ஓடும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இரண்டு பேர் பிடிக்க வேண்டியது. ஒத்திகைதானே என்று ஒருவனே. யாரோ பக்கத்திலிருந்து டீ நீட்டுகிறார்கள். பஞ்சு எதையோ கேட்டுச் சிரித்தபடி திரும்பி, ஒரு கையை எடுத்து கிளாஸை வாங்குகிறான். கயிறு விர்ரென்று ஓடுகிறது. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தொங்கிக்கொண்டிருந்த தலை சட்டென்று மறைகிறது. ஊதல் ஒன்று கேட்கிறது, மேலிருந்து கீழே இறங்குகிற ராகத்தில். அத்தோடு வெட்டிவிட்டு, எல்லோரும் கைகொட்டிச் சிரிக்கும் வேறொரு காட்சியை ஒட்டியிருந்தார்கள்.

பஞ்சின் கையில் ரிமோட் அப்படியே இருந்தது. மனைவி எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டாள். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். கயிறு அறுந்த மாதிரி எங்கேயும் இல்லை.

“அம்மா, நான்…” என்றான் பஞ்சு.

“நீங்க கெளம்புங்கண்ணா.”

அவன் பூனையின் முகத்தைப் பார்த்தான். பூனை சுவரைப் பார்த்தான். படியில் பஞ்சு இறங்கும் சத்தம் அடங்கியதும் அவள் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“விழுறப்பவே. மேலதான் பார்த்துட்டே விழுந்தேன். கயிறு முழுசா என்கூடவே வந்துச்சு.”

அவள் துணியை மடிக்கத் தொடங்கினாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, ஆஸ்பத்திரியில் மடிப்பதைப் போல. “அவர் பண்ணது ஒரு நொடி,” என்றாள். “நீங்க பண்ணது இத்தனை வருஷம். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை என் வீட்டுலயே முட்டாளாக்கியிருக்கீங்க.”

“அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்ங்கிறது.”

“அது இன்னும் மோசம்,” என்றாள்.

அடுத்த ஞாயிறு பஞ்சு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போனை எடுக்கவுமில்லை. பூனையின் முடி காதை மூடிக்கொண்டு வளர்ந்தது. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், வேண்டியதை மட்டும் பேசினாள். அவள் சத்தம் போட்டுத் திட்டினால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது. ஒரு நாள் அவள் வேலைக்குப் போன பிறகு, படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி, பஸ் பிடித்து அந்தக் கடைக்கட்டடத்துக்குப் போனான்.

நிலத்தடித் தளத்தில் பெட்ரோல் வாடையும் ஈரமும். சுவரோரம் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் பஞ்சு, அளவுக்குப் பெரிய சீருடையில். நண்பனைக் கண்டதும் எழுந்துவந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். தொட்டு உட்காரவைக்கவில்லை.

“அன்னிக்கு உன் மூஞ்சியில ஆச்சரியமே இல்ல. தெரிஞ்சேதான் என்னை வரவிட்டியா?” என்றான்.

“ம்.”

“நான் சொல்லாம இருந்தது பயத்துல. நீ எதுக்குடா சொல்லாம இருந்தே?”

“சொன்னா நீ வராம போயிடுவியேன்னு.”

 பஞ்சு மெதுவாகக் கேட்டான். “ஒரு தடவை கொட்டுற மழையில என்னை மருந்துக்கு அனுப்பினியே. நனைஞ்சுக்கிட்டு நாலு கடை ஏறி இறங்கினேன். திரும்பி வந்தா மேஜை இழுப்பறையில அதே மருந்து இருந்துச்சு. நீ மறந்துட்டியோன்னு நெனச்சேன்.”

பொய் ஒன்று வாய்வரை வந்தது. பூனை அதை விழுங்கினான்.

“மறக்கல.”

“அந்த மாதிரி எத்தனை?”

“இடுப்பு தீயா எரியுற நாள்ல… நீ சும்மா உக்காந்து சிரிச்சுட்டு இருந்தா தாங்காது. எங்கயாவது அனுப்புவேன்.”

“நான் உன்னைப் பார்க்க ஆசையா வந்தேன்டா,” என்றான் பஞ்சு. “பயம் ஒரு பக்கம் இருந்துச்சு. அது இல்லன்னு சொல்லல. ஆனா பஸ்ல ஏறுறப்போ சந்தோஷமாத்தான் ஏறுவேன்.”

மேலே ஒரு கார் ஹாரன் அடித்தது. பஞ்சு போய்த் தடுப்புக் கட்டையைத் தூக்கினான். அடுத்து இன்னொரு கார், அதன் பின்னால் இன்னொன்று. ஓட்டுபவர்களுக்கு இடம் காட்டி, சீட்டு கொடுத்து, அவன் அங்கேயே நின்றுவிட்டான். வரிசை தீர்ந்த பிறகும் கூண்டுக்குத் திரும்பவில்லை. பூனை காத்திருந்து பார்த்தான். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினான். தடுப்பைக் கடக்கும்போது, “பார்த்துப் போ,” என்று மட்டும் பஞ்சு சொன்னான்.

வீட்டுப் படிக்கட்டில் பாதிக்கு மேல் பூனையால் ஏற முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டான். வேலை முடிந்து வந்த மனைவி அவனை அந்தக் கோலத்தில் பார்த்து, பையைக் கீழே வைத்தாள்.

“எங்க போயிட்டு வரீங்க?”

சொன்னான். மழை, மருந்து, இழுப்பறை, ஒன்று விடாமல் சொன்னான். அவள் சலவைச் சோடாவில் வெளுத்த தன் விரல்களைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இனிமே வருவாரா?”

“வரமாட்டான்.”

“என்னையும் அப்படி அனுப்பியிருக்கீங்களா? வேணும்னே?”

மேல்வீட்டுக் குழந்தை ஒன்று பந்தோடு அவர்களைத் தாண்டி ஓடியது. 

“ஒண்ணு ரெண்டு தடவை,” என்றான்.

அவள் தலையாட்டினாள், ஏற்கனவே தெரிந்த விஷயத்தைக் கேட்டதுபோல. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தான். போகவில்லை. அவனுக்கு ஒரு படி கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். படிக்கட்டில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. இருவரில் யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை.